கட்டையைக் குறைச்சுப் பாடுறது

ஜோன் பிரைன் எண்ட பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது அவர் இறந்துபோன செய்தியில்தான். 2020 ஏப்ரல் 7. கொரோனா. யாழ்ப்பாணத்தில் ஊரடங்குச் சட்டம். வீட்டு மதிலுக்கு வெளியே ஒரு சைக்கிள் போற சத்தம்கூட இல்லை. நான் நாள் முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தேன். ஒருவர் செத்தவுடன் யூடியூப் அவரை எல்லாருக்கும் நீட்டத் தொடங்கிவிடும்தானே. அப்பிடி நீட்டினதில் ஒரு பாட்டை அமத்தினேன். கரகரத்த குரல், ஒரு கிற்றார். சொர்க்கத்துக்குப் போனதும் என்னென்ன செய்யப்போறேன் எண்டு ஒரு கிழவர் சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லிக்கொண்டு போறார். கடவுளுக்குக் கை குடுப்பாராம். விட்டுப்போன சிகரெட்டைத் திரும்பப் பத்துவாராம். அங்க ஒரு களியாட்ட விடுதி திறந்து, தன்னைத் திட்டி எழுதின விமர்சகர்களையும் கூப்பிட்டு மன்னிப்பாராம். அந்த விடுதியின் பெயர்தான் இசைத்தொகுப்புக்கும் பெயர்: ‘த ட்ரீ ஒஃப் ஃபொர்கிவ்னஸ்’, மன்னிப்பின் மரம். 2018 ஏப்ரலில் வெளிவந்தது. அந்தப் பாட்டுத்தான் தொகுப்பின் கடைசிப் பாட்டு. பாடினவர் ரெண்டு வருசத்தில் உண்மையாகவே போய்விட்டார்.

அதுவரைக்கும் கன்ட்ரி இசை எண்டால் எனக்குத் தொப்பி, குதிரை, பெரிய ட்ரக். இவரிடம் அது ஒண்டும் இல்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் மேவூட் எண்ட ஊரில் 1946இல் பிறந்தவர். தபால்காரர். ராணுவத்தில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, வியட்நாமுக்குப் பதில் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து மறுபடியும் கடிதம் குடுத்தவர். தெருத் தெருவாக நடக்கும்போது மனசுக்குள்ளேயே பாட்டுக் கட்டியிருக்கிறார். சிகாகோவில் ஒரு சின்ன இடத்தில் பாடிக்கொண்டிருந்தவரைப் பற்றி முதலில் எழுதினது சினிமா விமர்சகர் ரொஜர் ஈபர்ட். பிறகு கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனின் கண்ணில் பட்டு, 1971இல் முதல் தொகுப்பு வந்தது. அதில் முதியவர்களின் தனிமை பற்றிய ‘ஹலோ இன் தெயர்’ எண்ட பாட்டு இருக்கு. எழுதும்போது அவருக்கு இருபத்தைந்து வயசுகூட ஆகவில்லை. சின்ன வயசில் முதியோர் இல்லமொன்றுக்குப் பேப்பர் போடப்போனதில் இருந்து வந்த பாட்டாம்.

பத்து வருசம் பெரிய கொம்பனிகளுக்குப் பாடினார். விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், விற்பனை பெரிசாக இல்லை. 1981இல் தன்னுடைய முகாமையாளர் அல் புனெட்டாவோடு சேர்ந்து ‘ஓ போய் ரெக்கோர்ட்ஸ்’ எண்டு சொந்தமாகவே தொடங்கினார். இந்த இடம்தான் எனக்குப் பிடிச்சது. அடுத்த தொகுப்புக்கான செலவை ரசிகர்கள் முன்கூட்டியே அனுப்பினார்கள். இன்டர்நெற் இல்லாத காலம். பாட்டு இன்னும் பதிவாகவே இல்லை, ஆட்கள் காசோலையைக் கடித உறைக்குள் வைச்சுத் தபாலில் போட்டிருக்கிறார்கள். கடிதம் குடுத்துத் திரிஞ்ச மனிசனுக்குக் கடிதத்தில் வந்த காசு. 1991இல் அந்தச் சின்ன நிறுவனத்தில் வந்த ‘த மிஸ்ஸிங் இயர்ஸ்’ கிராமி விருது வாங்கியது.

சொந்தமாக வெளியிடுறது எண்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள், சுகம் எண்டுதான் நான் நினைச்சிருந்தேன். அதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. யாரும் கேக்காவிட்டால் எழுதாமலே இருந்துவிடலாம். பிரைனும் இருந்தார். 2005க்குப் பிறகு 13 வருசம் புதுசாகச் சொந்தப் பாட்டுகள் கொண்ட தொகுப்பு அவரிடமிருந்து வரவில்லை. 2015இல் புனெட்டா இறந்தபிறகு நிறுவனத்தை மனைவி ஃபியோனாவும் மகனும் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த வேலை: நாஷ்வில்லில் ஒரு ஹோட்டல் அறையை எடுத்து, அவரையும் கிற்றார்களையும், பாதியில் விட்ட வரிகள் நிறைஞ்ச பத்துப் பெட்டிகளையும் உள்ளே விட்டார்கள். ஒரு வாரம் கழிச்சு அவர் பாட்டுகளோடு வெளியே வந்தார். கேள்வி கேட்க ஒரு கொம்பனி இல்லாத இடத்தில் வீட்டுக்காரர் கேட்டிருக்கினம்.

பத்தே பாட்டு, அரை மணித்தியாலம் சொச்சம். பெரிய வாத்தியக் கூட்டம் கிடையாது. தயாரிப்பாளர் டேவ் கொப், குரலுக்கு முன்னால் எதையும் வந்து நிக்க விடவில்லை. முதல் பாட்டில் எல்லாராலும் விடப்பட்ட ஒருவன் வந்து கதவைத் தட்டுகிறான். வேறொரு பாட்டில், கிரகப் பட்டியலில் இருந்து தூக்கப்பட்ட புளூட்டோவுக்காக இவர் கவலைப்படுகிறார். கேக்கச் சிரிப்பு வரும். பாட்டு முடியும்போது புளூட்டோ வேலை போன ஒரு மாமா மாதிரித் தெரியும். ‘சமர்ஸ் எண்ட்’ எண்ட பாட்டில் ஒருவரை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். யார், ஏன் போனது எண்டு சொல்லமாட்டார். இந்தத் தொகுப்பு வந்தவுடன் பில்போர்ட் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்குப் போனது. அவருடைய 71ஆவது வயசில், சொந்த நிறுவனத்தில், வாழ்க்கையிலேயே அவருக்குக் கிடைச்ச ஆக உயர்ந்த இடம்.

இதெல்லாம் பிறகு தேடி வாசிச்சது. அண்டைக்கு என்னைப் பிடிச்சது அந்தக் குரல். அதுக்கு ஒரு காரணம் இருந்தது.

என்ர அம்மா பாடுறவ. மேடைப் பாடகி இல்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஒழுங்கையில் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பிச்சவ. நவராத்திரிக்குக் கோயிலில் பாடுறவ. 2019 கடைசியில் அவவுக்குத் தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டி பிரச்சினையில்லை எண்டார்கள், நிம்மதி. கதைக்கிற குரலும் ஒரு மாதத்தில் வந்துவிட்டது. ஆனா மேல் சட்சத்துக்குப் போற குரல் வரவில்லை. ஏறும்போது காத்து மட்டும் வரும். குரல்நாணுக்குப் போற நரம்பு மெல்லிசு, இப்படி நடக்கிறதுண்டு எண்டு விளங்கப்படுத்தினார்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தா. அடுத்த கிழமை படிக்க வந்த பிள்ளைகளை வேறொரு ரீச்சரிட்ட அனுப்பிவிட்டா. சுருதிப்பெட்டிக்கு மேல் ஒரு பழைய சீலைத் துண்டைப் போட்டு மூடினா. வெள்ளிக்கிழமைத் தேவாரத்தையும் மனசுக்குள்ளேயே சொல்லத் தொடங்கினா.

நான் அப்ப ஒரு மொக்குவேலை செய்தேன். முந்தின நவராத்திரியில் அம்மா பாடினதைப் போனில் பதிஞ்சு வைச்சிருந்தேன். உற்சாகப்படுத்துறன் எண்டு நினைச்சு, ஒரு பின்னேரம் குசினிக்குள் சத்தமாகப் போட்டேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு இருந்தவ. பாதிப் பாட்டில் கத்தியை வைச்சுவிட்டு, “நிப்பாட்டு தம்பி” எண்டு மட்டும் சொன்னா. கோபமில்லை. அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. அவவிடம் இல்லாததை நான் அவவுக்கே போட்டுக் காட்டியிருக்கிறேன்.

பிரைனுக்கு நடந்ததை வாசிக்கும்போது எனக்கு அந்தப் பின்னேரம்தான் ஞாபகம் வந்தது. 1998இல் அவருக்குக் கழுத்தில் புற்றுநோய். வெட்டி எடுத்ததில் கழுத்தின் ஒரு பகுதி போனது; நாக்கு நரம்புகள் சில அறுந்தன. ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சை. திரும்ப மேடையேறப் பேச்சுப் பயிற்சியோடு ஒரு வருசம் பிடிச்சது. 2013இல் நுரையீரலிலும் வந்தது, அதுக்கும் சத்திரசிகிச்சை. குரல் இறங்கிக் கரடுதட்டிவிட்டது. அவர் செய்தது ஒரு சின்ன வேலை: பாட்டுகளின் சுருதியைக் குறைச்சார். நாங்கள் சொல்லுறதெண்டால், கட்டையைக் குறைச்சார். பழைய உயரத்துக்கு ஏறி விழுந்துகொண்டு இருக்காமல், குரல் இருக்கிற இடத்துக்குப் பாட்டைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார். 2000இல் ‘சுவெனியர்ஸ்’ எண்டு தன்னுடைய பழைய பாட்டுகளையே அந்தப் புதுக்குரலில் திரும்பப் பதிஞ்சு, தன்னுடைய நிறுவனத்திலேயே வெளியிட்டார். கொம்பனிகளிட்டக் கிடந்த பாட்டுகளுக்கு இப்ப அவரிட்டயே ஒரு பதிவு இருந்தது. உடைஞ்ச குரலும் அவருடையது, பதிவும் அவருடையது.

ஊரடங்கு நாளொன்றில் அம்மா திண்ணையில் இருந்து முருங்கை இலை ஆய்ஞ்சுகொண்டு இருந்தா. “அம்மா, ஒருக்கா இதைக் கேளுங்கோ. இங்கிலிஸ் பாட்டுத்தான்” எண்டு ‘ஹலோ இன் தெயர்’ பாட்டின் 1971 பதிவைப் போட்டேன். பிறகு ‘சுவெனியர்ஸ்’ பதிவு. கதை ஒண்டும் சொல்லவில்லை.

“ரெண்டாவது பாடுறது தேப்பனோ?” எண்டு கேட்டா.

ஒரே ஆள்தான் எண்டேன். கழுத்தில் வெட்டின கதையையும் அப்பதான் சொன்னேன். அம்மாவின் கை தன்பாட்டில் தன்ர கழுத்துத் தழும்புக்குப் போனது.

“திரும்பப் போடு.”

போட்டேன். இலையை விட்டுவிட்டுக் கேட்டா. முடிஞ்சதும் ரீச்சராகத்தான் பேசினா. “முதல் பாட்டில நல்லாப் பாடுறார். ரெண்டாவதில சொல்லு விளங்குது.” பேந்து, “கட்டையைக் குறைச்சிருக்கிறார், என்ன?” எண்டா.

எனக்கு உடனே ‘அப்ப நீங்களும் குறைச்சுப் பாடுங்கோவன்’ எண்டு சொல்ல வாய் வந்தது. குசினிப் பின்னேரம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன். அண்டைக்கு வேறொண்டும் நடக்கவில்லை. முருங்கை இலை சுண்டினோம், சாப்பிட்டோம்.

ஒரு மாதம் கடந்திருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை விடிய சுருதிப்பெட்டிச் சத்தம் கேட்டு எழும்பினேன். அறை வாசலில் நிண்டு பார்த்தேன், உள்ளே போகவில்லை. அம்மா எப்பவும் அஞ்சு கட்டையில் பாடுறவ. ஒவ்வொண்டாக இறக்கி இறக்கிப் பார்த்து, மூண்டில் நிப்பாட்டினா. தேவாரத்தின் முதல் வரி சுருதியில் சேரவில்லை. திரும்ப. மூண்டாம் தரம் சேர்ந்தது. ஆனா அது எனக்குத் தெரிஞ்ச குரல் இல்லை. ஆம்பிளைக் குரலுக்குக் கிட்டவான, கொஞ்சம் சொரசொரத்த ஒண்டு. என்னைக் கண்டுவிட்டு அம்மா சிரிச்சா.

“வேற ஆரோ பாடுற மாதிரிக் கிடக்கு தம்பி. இருக்கட்டும், அவவும் பாடட்டும்.”

அந்த வசனத்துக்குப் பிறகு ‘மன்னிப்பின் மரம்’ எனக்கு வேறமாதிரிக் கேக்குது. அந்தக் கிழவர் விமர்சகர்களை மன்னிக்கிறதுக்கு முதல், தன்ர குரலை மன்னிச்சிருக்கவேணும். இல்லாவிட்டால் அந்தக் குரலை அவ்வளவு முன்னுக்கு வைச்சுப் பதிய விட்டிருக்கமாட்டார்.

அம்மாவுக்கு இப்பவும் மேல்ஸ்தாயி வராது. சனிக்கிழமைகளில் ரெண்டு பிள்ளைகள் திரும்பப் படிக்க வருகினம். பாட்டு மேல ஏறுற இடம் வந்தால் அம்மா நிப்பாட்டிவிட்டு, கையை மட்டும் உயர்த்திக் காட்டுவா. பிள்ளை பாடும். பிழைச்சால் திரும்பப் பாடச் சொல்லுவா.