எண்பது ரூபாய் கற்றாழை

காசு கொடுத்துக் கற்றாழை வாங்கியவன் என்று மணவாளக்குறிச்சியில் என்னை இன்றைக்கும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். பின்னே? வேலி ஓரத்தில் சும்மா கிடக்கிற செடி. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால்கூட மண்ணும் தண்ணியும் இல்லாமல் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குப் போய் நானூறு ரூபாயா?

ஆனால் நான் வாங்கியது சோற்றுக்கற்றாழை இல்லை, சார். பெங்களூர் லால்பாக் மலர்க்காட்சிக்குப் போயிருந்தபோது ஒரு நர்சரிக்காரரிடம் பார்த்தேன். 'ஆலோ கேமரோனி' என்று பெயர். ஆப்பிரிக்காவில் மலாவி, ஜிம்பாப்வே பக்கம் பாறைச் சரிவுகளில் வளர்வது. இலை முழுக்கப் பழுத்த மிளகாய்க் கலர்! ராத்திரி பூரா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். அம்மாவிடம் எண்பது ரூபாய் என்று கணக்குச் சொன்னேன். பி.காம். படித்ததற்கு அது ஒன்றுதான் பயன்.

இந்த ஜாதிக்கு உறைபனிதான் எமன். இலைக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் மறுநாள் இலை கூழ். ஊட்டிக்காரர்கள் டிசம்பரில் இதை வெளியே வைக்க முடியாது. எங்கள் ஊரில் மார்கழியிலும் ஃபேன் ஓடும். அப்புறம் என்ன கவலை என்று நினைத்தேன்.

மூன்றே மாசம். செடி பச்சையாகிவிட்டது. வேலியில் நிற்கிற கற்றாழைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. சாயம் பூசி விற்றுவிட்டானோ என்று நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தேன். கடைசியில் போன் போட்டுக் கத்தினேன். அவர் நிதானமாக, "டெய்லி தண்ணி ஊத்துறீங்களா சார்?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். சிவப்பு அதன் பிறவிக் கலர் இல்லை. வெயில் உச்சியைப் பிளந்து, வேரும் காய்ந்தால், வந்து விழும் வெளிச்சத்தை இலையால் சமாளிக்க முடியாது. உடனே சிவப்பு நிறமிகளை உண்டாக்கிக் குடை பிடித்துக்கொள்கிறது. நிழலும் தண்ணியும் கிடைத்தால் குடையை மடக்கிவிட்டுப் பச்சையாக உட்கார்ந்துவிடும். எங்கள் ஜில்லாவிலோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. இரண்டிலும் வேர் அழுகாமல் காப்பாற்ற வேண்டும். தேங்காய் நார்த்தூள் இங்கே மலிவு, ஆனால் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உதவாது. கடற்கரை மணல் உப்பு. போதாததற்கு எங்கள் ஊர் மணலில் மோனசைட் இருப்பதை 1909-லேயே ஷோம்பர்க் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்துவிட்டார். அதை அள்ளிச் சட்டியில் போட்டால் அரசாங்கம் வீட்டுக்கு வரும். எனவே உடைந்த ஓட்டுச்சில்லு, செங்கல் பொடி, கொஞ்சம் செம்மண்.

சட்டியை வெயிலில் வைத்துத் தண்ணியை நிறுத்தினேன். ஒரு மாசம் ஆயிற்று. செடி அசையவில்லை. அதே பச்சை.

சந்தேகப்பட்டு ஒருநாள் விடியற்காலை ஜன்னலோரம் ஒளிந்து நின்றேன். அரிசி கழுவிய தண்ணியோடு அம்மா வந்தாள். அப்பா போன பிறகு அவளுக்கு அந்த நேரம் செடிகளோடுதான்.

"குடி மக்கா, குடி. உனக்குத் தண்ணியே குடுக்கக் கூடாதாம். நல்ல சட்டம்! எனக்கு ரெண்டு நாளா தலை சுத்துகு. அவன்ட்ட சொன்னா ஆசுபத்திரி, ஊசின்னு கிடந்து ஆடுவான். நீ சொல்லிராத, என்ன?"

சண்டை போட வந்தவன் அப்படியே நின்றேன். ஒரே வீடு. ஒரே சாப்பாடு. தலைசுற்றல் செய்தி எனக்குக் கற்றாழை வழியாக வருகிறது.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர் நூற்றெண்பது. உப்பைக் குறைக்கச் சொன்னார். "கடலோரத்துல இருந்துக்கிட்டு உப்பைக் குறைக்கவா!" என்று அவருக்கே அம்மா பாடம் எடுத்தாள். எனக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்கவில்லை. செடியைத்தான் ரெண்டு நாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடியில் விட்டிருந்த ஒரு பக்கக்கன்றைப் பிரித்து, வெட்டு வாய் காய நாலைந்து நாள் நிழலில் போட்டு, வேறு சட்டியில் நட்டு அம்மா கையில் கொடுத்தேன். தாய்ச்செடி மொட்டை மாடிக்குப் போயிற்று. முட்டுவலிக்காரி, ஏற மாட்டாள். பங்குனி வெயிலில் அது செக்கச்செவேல். கீழே குட்டி, அரிசித் தண்ணியில் கொழுத்துப் பச்சைப் பசேலென்று இருக்கிறது. அழுகாமல் இருப்பது ஓட்டுச்சில்லு புண்ணியம். காலையில் நான் ஜன்னலோரம் நின்று அன்றைய தலைப்புச் செய்திகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆனால் அம்மா கேட்பாள்: "மேல உள்ளவன் தண்ணி குடிச்சானா மக்களே?"

"குடிச்சாம்மா" என்பேன். எண்பது ரூபாய்க் கணக்கு மாதிரிதான்.