கர்னலின் நடை

கல்லூரியில் படித்தபோது, ஒரே மாதத்தில் மூன்று பழைய ஆங்கிலப் படங்கள் பார்த்தேன். மூன்றிலும் நடித்தவர் ஒரே ஆள்தான் என்பது, மூன்றாவது படத்தின் பெயர்ப் பட்டியலைப் படித்த பிறகுதான் உறைத்தது. அலெக் கின்னஸ். அடையாளம் தெரியாமல் போவதில் அப்படியொரு கெட்டிக்காரர்.

1914-இல் லண்டனில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கான இடம் காலி. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு நாடக மேடைக்கு வந்தார். நடுவில் போர், கடற்படை. 1949-இல் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்’ படத்தில் ஒரே பிரபுக் குடும்பத்தின் எட்டுப் பேராகவும் அவரே வந்தார். பாதிரியார், கடற்படைத் தளபதி, ஒரு சீமாட்டி உட்பட.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957). கதை நடப்பது சயாமில், ஒரு போர்க்கைதி முகாமில். படம் பிடித்தது இலங்கையில், களனி ஆற்றங்கரைக் கித்துல்கலவில். அதிகாரிகள் கூலிவேலை செய்ய மாட்டார்கள் என்று அடம்பிடித்த கர்னல் நிக்கல்சனை (கின்னஸ்) தகரக் கூண்டில் அடைத்துவிடுகிறார்கள். ஒருநாள் கதவு திறக்கிறது. முழங்கால் நிற்கவில்லை, கால் போன பக்கமெல்லாம் உடம்பு சாய்கிறது. முதுகை மட்டும் வளைக்காமல் நடக்கப் பார்க்கிறார் மனிதர்.

அந்த நடை கின்னஸ் தன் மகனிடமிருந்து எடுத்தது. பையனுக்குப் பதினோரு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. தேறி, மறுபடி நடக்கப் பழகியபோது அப்பா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பார்த்ததை வைத்திருந்து நடிப்பில் கொண்டுவந்தது சரியா என்று நான் குழம்பியதுண்டு. தன் நடிப்பிலேயே சிறந்தவற்றுள் ஒன்றாக அவர் எண்ணியது அந்தச் சில அடிகளைத்தான். ஆஸ்கரும் அந்தப் படத்துக்கே.

எல்லாம் வாய்த்துவிடவில்லை. 1984-இல் ‘எ பாஸேஜ் டு இந்தியா’வில் சாயம் பூசிக்கொண்டு பேராசிரியர் காட்போலேயாக வந்தார், பார்க்கவே சங்கடம். ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) லாபத்தில் பங்கு வாங்கியவர், அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவார். நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒரு சிறுவனிடம், இனிமேல் பார்க்காதே என்று கேட்டுக்கொண்டார். பையன் அழுதுவிட்டான். நான் பையன் கட்சி.

குவாய் படம் கிடைத்தால் பாருங்கள். பாலம் வெடிப்பதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அந்தத் தகரக் கதவு திறக்கும்போது காலைப் பாருங்கள்.