டப்பா பவுடரும் சாப்பாட்டுத் தட்டும்

 

போன வாரம் ஒரே விஷயத்தை மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் பழைய மாணவன், "டீச்சர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பதிலா புரோட்டீன் ஷேக் குடிக்கிறேன், சரிதானே?" என்றான். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கும் என் தங்கை மகள், "பெரியம்மா, ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு அதைக் குடிச்சா சீக்கிரம் இளைக்கலாமாமே?" என்றாள். மூன்றாவது ஆள் என் மகன். அவன் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி, ஒரு பெரிய டப்பாவை கூரியரில் வீட்டுக்கே அனுப்பிவிட்டான்.

மூவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்துப் பாடம் நடத்தியவள், அவ்வளவுதான்.

முதலில் அந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வீட்டில் பால் திரிந்துபோனால் கட்டி தனியாக, வெளிர்பச்சைத் தண்ணீர் தனியாக நிற்குமே, அந்தத் தண்ணீரில் இருக்கும் புரதத்தைப் பிரித்து உலர்த்தியதுதான் 'வே' புரோட்டீன். சீஸ் செய்யும் ஆலைகளில் ஒரு காலத்தில் வீணாகக் கொட்டிய பொருள். அது விஷமும் இல்லை, அமிர்தமும் இல்லை. நல்ல புரதம், அவ்வளவே. கூடவே இனிப்பும் வாசனையும் சேர்த்திருப்பார்கள்.

ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம், 120 கலோரி என்று பெரும்பாலான டப்பாக்களில் போட்டிருக்கும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நின்று வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு மத்தியானச் சாப்பாட்டில் 600, 700 கலோரியாவது வேண்டும். நார்ச்சத்து வேண்டும், கொஞ்சம் கொழுப்பு வேண்டும், காய் கீரையில் வருகிற சத்துகள் வேண்டும். அந்தக் கரண்டியில் இதெல்லாம் கிடையாது. சாப்பாட்டுக்குப் பதில் என்றே தயாரித்து விற்கும் பவுடர்கள் வேறு, புரதத்துக்காக மட்டும் விற்கும் பவுடர்கள் வேறு. நம் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, ஒருவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை இருந்தால் சுமார் 50 கிராம். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி போட்டுப் பார்ப்போமா?

இரண்டு முட்டை: 12 கிராம்.
சாம்பாரில் போகும் 30 கிராம் துவரம்பருப்பு: 6, 7 கிராம்.
கால் லிட்டர் பால் அல்லது தயிர்: 8 கிராம்.
நாள் முழுவதும் சாப்பிடும் இட்லி, சோறு, சப்பாத்தி: 15 கிராமுக்குக் குறையாது.
100 கிராம் நெத்திலி: 18 கிராம்.

கூட்டினால் ஐம்பதைத் தாண்டிவிட்டது. மீனும் முட்டையும் சாப்பிடாதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சேர்த்து, பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொண்டால் போதும். காசிமேட்டில் மீன் இறங்குகிற ஊர்க்காரர்கள் நாம். நமக்குப் புரதம் கூரியரில்தான் வரவேண்டும் என்று இல்லை.

திரவப் புரதத்தையே சாப்பாடாக்கிப் பார்த்த கதை உலகத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1976ல் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற மருத்துவர் 'கடைசி வாய்ப்பு உணவுமுறை' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். மாட்டுத் தோல், தசைநார் போன்றவற்றிலிருந்து எடுத்த புரதத் திரவத்தை மட்டும் குடித்து இளைப்பதுதான் அந்த முறை. லட்சக்கணக்கான பேர் குடித்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின. அவர்களில் பலர் இளம் பெண்கள், இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தார்கள். இன்றைய வே பவுடர் அதைவிடத் தரமான புரதம் என்பது உண்மைதான். ஆனாலும் சாப்பாட்டை முழுசாக நிறுத்தினால் உடம்பு எப்படிக் கணக்குத் தீர்க்கும் என்பதற்கு அது சாட்சி.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயமாகாது. பிரிட்டனில் நடந்து 2017ல் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக்குப் பதில் சத்துப் பானம் மட்டும் கொடுத்தார்கள். நாளைக்கு 825 முதல் 853 கலோரி, மூன்று முதல் ஐந்து மாதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 46 சதவீதம் பேருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் பானம் எல்லாச் சத்தும் அளந்து சேர்த்தது. கூடவே மருத்துவக் குழு இருந்தது. பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். ஜிம்மில் பக்கத்தில் நிற்பவர் சொன்னார் என்று ஆரம்பிப்பது இதில் சேராது.

நம் நாட்டு நிலவரம் என்ன? 2024ல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொருட்களைச் சோதித்து, கேரள மருத்துவர்களின் குழு ஒரு ஆய்வை வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில், டப்பாவில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிமருந்து எச்சமும் இருந்தன. அதே வருஷம் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் சாப்பிடுவதைத் தவிர்க்கச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதிகப் புரதம் ஆபத்து. நம்மில் எத்தனை பேருக்குத் தன் கிரியாட்டினின் அளவு தெரியும்?

நம் சென்னைக்கு இந்த விஷயத்தில் ஒரு பெருமை உண்டு. 1920ல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு 1956ல் காமராஜர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர்., 1989ல் கலைஞர் சேர்த்த முட்டை, 2022 செப்டம்பரில் காலை உணவு. கட்சி எதுவானாலும், நூறு வருஷமாக இந்த ஊர் பிள்ளைகளைத் தட்டின் முன்னால் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறது. முட்டை நாளில் என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் குறைவு. வீட்டில் சாப்பிட மறுத்த பிள்ளை, நாலு பேரோடு வரிசையில் உட்கார்ந்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்கும். இதைப் படிக்கிற சிலருக்கு அது தங்களைத்தான் சொல்கிறேன் என்று தெரியும்!

இனி என் கதை. சார் போய் மூன்று வருஷமாகிறது. நான் நாலு கிலோ இளைத்துவிட்டேன். அதைப் பார்த்துத்தான் மகன், "அம்மா, ஒருத்திக்காக எதுக்கு ரெண்டு வேளை அடுப்பைப் பத்த வைக்கிறீங்க? ராத்திரிக்கு இதைக் கலக்கிக் குடிச்சிடுங்க" என்றான். அவன் கவலையில் நியாயம் இருக்கிறது. அறுபதுக்கு மேல் தசை கரையும், அதற்குப் புரதம் முக்கியம். டாக்டரிடம் கேட்டேன். ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, "ஒரு கரண்டி எடுக்கலாம்மா" என்றார். சரி, இருபது நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்துப் பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன்.

வசதிதான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. பாத்திரம் ஒரே டம்ளர். ஆனால் பதினோரு மணிக்குப் பசித்தது. முதல் வாரத்திலேயே மலச்சிக்கல். எடை கூடவில்லை.

நோட்டில் நான் எழுத நினைக்காத ஒன்றும் நடந்தது. ராத்திரிக்குச் சமைக்காததால் சாயங்காலம் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவது நின்றது. கீரைக்காரம்மாவோடு பேச்சு நின்றது, அந்த நடையும் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் மீன் குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணம் ஒரு வாரமாக என் மேடையிலேயே இருந்தது. கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நமக்கு இல்லையே. அதில் போட்டுக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கிண்ணம் போகாததால் அடுத்த குழம்பும் வரவில்லை. சார் போன பிறகு ஒரு நாளில் நான் நாலு வார்த்தை பேசுவதே அந்தக் கிண்ணத்தால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இருபது நாள் முடிந்ததும் முருங்கைக்கீரைப் பொரியல் செய்து அந்தக் கிண்ணத்தில் போட்டு அனுப்பினேன். டப்பாவை வீசிவிடவில்லை, மகன் காசு. காலையில் கேழ்வரகுக் கஞ்சியில் ஒரு கரண்டி கலந்துகொள்கிறேன். ராத்திரிக்கு இரண்டு தோசையோ இட்லியோ, கூட ஒரு முட்டையோ சுண்டலோ. இரண்டு மாதத்தில் ஒன்றரை கிலோ கூடியிருக்கிறது.

ஆகவே, எண்ணூர்க்காரத் தம்பிக்கு: அவித்த முட்டை இரண்டு, சுண்டல் ஒரு டப்பா, மோர் ஒரு பாட்டில். ஷிப்டில் கெடாது. பவுடர் வேண்டுமென்றால் சாப்பாட்டோடு எடுத்துக்கொள், சாப்பாட்டை நிறுத்தாதே. டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா பார். கிரியாட்டினின் ஒரு தடவை பார்த்துவிடு.

தங்கை மகளுக்கு: கல்யாணத்தன்று மேடையில் அஞ்சாறு மணி நேரம் நிற்க வேண்டும் கண்ணு. அதற்குத் தெம்பு வேண்டும். சோற்றைக் கொஞ்சம் குறை, காயைக் கூட்டு, தினமும் நட.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற என் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போன் பண்ணும்போது "சாப்பிட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். எல்லா அப்பா அம்மாவும் "ஆச்சு" என்றுதான் சொல்வார்கள். "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள்.

உங்கள் வீட்டில் ராத்திரிக்கு என்ன என்று கீழே எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காலடிப்பேட்டை