எத்தனை எத்தனை அப்துல் காதர்கள்!

நம் ஊர்த் தெருமுனையில் நின்று "காதர்!" என்று உரக்க அழைத்தால் நான்கு வீட்டுக் கதவுகளேனும் திறக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நாகூரிலும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அது வேடிக்கையன்று, அன்றாட நடைமுறை. அதனாற்றான் வெறும் காதராக எவரும் வாழ முடிவதில்லை. கடைக்காரக் காதர், பினாங்குக் காதர், நெட்டைக் காதர் என்று ஊரே ஆளுக்கோர் அடைமொழியைச் சூட்டிவிடுகிறது. வகுப்பில் இரு காதர்களுக்குத் தந்தையார் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாக அமைந்துவிட்டாலோ ஆசிரியர் பாடு திண்டாட்டம்தான்.

இத்துணைப் பரவலாக வழங்கிய பெயர் அண்மைக் காலமாகத் தொட்டில்களில் அருகி வருகிறது. வேறெவருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்று இளம் பெற்றோர் தேடுகின்றனர். தேடட்டும், அது அவர்தம் உரிமை. ஆயினும், "அப்துல் காதரா? எல்லாருக்கும் இருக்கிற பெயராயிற்றே!" என்று அவர்கள் ஒதுக்குவதைக் கேட்கும்போதெல்லாம், அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க நமக்குத் தோன்றும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 'அப்து' என்றால் அடியான். 'காதிர்' என்றால் ஆற்றல் மிக்கோன். இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. அதே வேரிற் பிறந்த மற்றொரு திருநாமம் 'கதீர்'. பாக்கிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் கதீர் கான் (1936–2021) தாங்கியது அந்தப் பெயரையே. ஆதலால் அவர் நம் கணக்கில் வாரார். அடியான் என்பதை விட்டுவிட்டு இறைநாமத்தை மட்டும் மனிதனுக்குச் சூட்டி அழைப்பது தகாது என்று மார்க்க அறிஞர்கள் சொல்லிச் சொல்லிப் பார்த்தனர். நம் மக்களின் நாவோ 'அப்துல்' என்பதை விழுங்கிவிட்டுக் 'காதர்' என்றே நிற்கிறது. மேனாட்டு அலுவலகங்களில் இதற்கு நேர்மாறு. அங்கே காதரை விட்டுவிட்டு 'மிஸ்டர் அப்துல்' என்பர். 'இன்னாரின் அடியான்' என்று முடிய வேண்டிய தொடர் நடுவழியில் நின்றுவிடுகிறது. யாருடைய அடியான் என்பதைச் சொல்லாமலே ஒருவரை வாழ்நாள் முழுவதும் அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இப்பெயர் நம்மிடையே இவ்வளவு வேரூன்றியதற்குக் காரணம் கூற வேண்டியதில்லை. பக்தாதில் துயிலும் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 470இல் கீலானிற் பிறந்து, இளமையிலேயே கல்வி தேடிப் பக்தாது புகுந்து, கி.பி. 1166இல் மறைந்தவர்கள். தாயார் சட்டையினுள் வைத்துத் தைத்துக் கொடுத்த நாற்பது பொற்காசுகளைக் கள்வரிடம் மறைக்காமற் சொன்ன கதையைக் கேளாத முஸ்லிம் குழந்தை தமிழகத்தில் இல்லை. ரபீவுல் ஆகிர் மாதத்தையே 'முஹியித்தீன் ஆண்டவர் மாதம்' என்று பெயர் மாற்றி வழங்கியவர்கள் நம் பாட்டிமார். அவர்களின் வழித்தோன்றலாகக் கூறப்படும் நாகூர் நாயகத்தின் முழுப்பெயரும் சையிது அப்துல் காதிர் ஷாஹுல் ஹமீது என்பதே. 16ஆம் நூற்றாண்டில் வடநாட்டு மாணிக்கப்பூரிலிருந்து புறப்பட்டு, நாடு பல சுற்றி, நாகூரிலே தங்கியவர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) அங்கே 131 அடி உயர மினாரா எழுப்பினார். கப்பலேறிய நம்மவர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே நினைவிடங்கள் அமைத்தனர். நேர்ச்சை செய்து பெற்ற பிள்ளைகளுக்கு மீரான் என்றும், ஷாஹுல் ஹமீது என்றும், காதர் என்றும் பெயரிட்டனர். சாதி சமய வேறுபாடு அந்த நேர்ச்சையில் இருந்ததில்லை.

இனி, இப்பெயரைத் தாங்கியிருந்தும் தாங்கியவராக நாம் நினைத்தே பாராத ஒருவரைச் சொல்வோம். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது தமிழரின் பழமொழி. அந்தச் சீதக்காதி யார்? கீழக்கரைப் பெருவணிகர் பெரியதம்பி மரைக்காயர். அவர்தம் இயற்பெயர் ஷைகு அப்துல் காதிர். 'ஷைகு அப்துல் காதிர்' தமிழர் நாவிற் புரண்டு புரண்டு 'செய்தக்காதி'யாகிப் பின்னர் 'சீதக்காதி'யாயிற்று. அரபுப் பெயரென்று எவருக்கும் தோன்றாத அளவுக்கு அது தமிழாகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேதுபதி மன்னருக்கு உற்ற துணையாக இருந்தவர். டச்சுக்காரர்கள் தம் வாணிகத்துக்குப் போட்டியாளர் என்று அஞ்சிக் குறித்து வைத்த பெயர் அவருடையது. ஞானி சதகத்துல்லா அப்பாவின் அன்பர். உமறுப் புலவரைப் புரந்தவர். படிக்காசுப் புலவரின் பாடல் பெற்றவர். பரிசில் நாடி வந்த புலவர், வள்ளல் மறைந்தார் என்று கேட்டு அடக்கவிடத்தில் அழுது புலம்ப, மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்பது கதை. கதையை நம்புவோரும் நம்பாதோரும் உளர். நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. ஒரு முஸ்லிம் வணிகரின் பெயர் இந்நாட்டில் கொடைக்கே மறுபெயராயிற்று. அதைச் சொல்லும் ஊர்க்கிழவிகள் அவர் என்ன சமயத்தினர் என்று கேட்டதே இல்லை.

'குலாம் காதிர்' என்பதையும் இக்கணக்கில் சேர்க்கலாமோ? குலாம் என்றாலும் ஊழியன்தான். சேர்த்தால் நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) வந்துவிடுகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். மதுரை நான்காம் தமிழ்ச்சங்கப் புலவர்களுள் ஒருவர். 'வித்தியா விசாரிணி' என்ற இதழை நடத்தியவர். ஆங்கில நாவலொன்றை 'உமறு பாஷா யுத்த சரித்திரம்' என்று தமிழாக்கியவர். ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் இன்னொருவனும் உள்ளே வருவான். 1788இல் தில்லியைக் கைப்பற்றி, முதியவரான முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலத்தின் கண்களைப் பறித்த ரோஹில்லாத் தலைவன் பெயரும் குலாம் காதிர்தான். அடுத்த ஆண்டே மராட்டியர் கையில் அவன் கொடிய முடிவெய்தினான். நாவலருக்காக அவனையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதே. பெயர் எவனையும் தடுத்து நிறுத்துவதில்லை.

அறிஞர் வரிசை நீளமானது. மராகா நகரத்து அப்துல் காதிர் இசை இலக்கணம் வகுத்தவர். தைமூர் கொலைத்தண்டனை விதித்தபோது அவர் இனிய குரலில் குர்ஆனை ஓதி உயிர் தப்பினார் என்பர். 1435இல் ஹிராத்தில் மறைந்தார். பக்தாதிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அப்துல் காதிர் (மறைவு 1682), 'கிஸானத்துல் அதப்' என்ற பெருநூலால் அழிந்துபோன எத்தனையோ அரபு நூல்களின் பகுதிகளைக் காத்துக் கொடுத்தார். தில்லி ஷா வலியுல்லாஹ்வின் மைந்தர் ஷா அப்துல் காதிர், ஹிஜ்ரி 1205இல் குர்ஆனை எளிய உருதுவில் மொழிபெயர்த்து முடித்தார். பாரசீகக் கவிஞர் பேதிலின் இயற்பெயரும் அப்துல் காதிரே.

இவர்களுள் நம் மனத்தைப் பெரிதும் ஈர்ப்பவர் முல்லா அப்துல் காதிர் பதாயூனி. அக்பர் அவையில் புதன்கிழமைகளில் தொழுகை நடத்தும் இமாமாக அமர்ந்தவர். பேரரசரின் சமயப் போக்கை அவரால் சகிக்க முடியவில்லை. அவரிடமே பேரரசர் மகாபாரதத்தையும் இராமாயணத்தையும் பாரசீகத்தில் பெயர்க்கும் பணியை ஒப்படைத்தார்! உள்ளுக்குள் குமைந்துகொண்டே இராமாயணத்தில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டு முடித்தார். மனக்குறை அனைத்தையும் இரவில் தனியே ஒரு வரலாற்று நூலாக எழுதி மறைத்து வைத்தார். அவர் மறைந்த பின்னரே அது வெளிப்பட்டது. அவர் கருத்துகளில் பலவற்றோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஆனால் அந்த மறைவான ஏடு இல்லையேல் அக்பரை அபுல் பஸலின் புகழ்ச்சி வழியாக மட்டுமே நாம் அறிந்திருப்போம்.

இதழ் நடத்துவோருக்கு நெருங்கிய ஓர் அப்துல் காதிர் லாகூரில் இருந்தார். 1901இல் 'மக்ஸன்' என்ற உருது மாத இதழைத் தொடங்கி, முதல் இதழிலேயே இக்பாலின் இமயக் கவிதையை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தில் படித்த நாளில், கவிதை எழுதுவதையே விட்டுவிடப் போவதாக இக்பால் கூறினார். இவர் மறுத்தார். பேராசிரியர் ஆர்னால்டின் முடிவுக்கு விடுவோம் என்று இருவரும் இசைந்தனர். ஆர்னால்டு இவர் பக்கம் நின்றார். 1924இல் வெளிவந்த 'பாங்கே தரா'வின் முன்னுரையில் இதை இவரே பதிவு செய்துள்ளார். பத்திரிகாசிரியர் ஒருவர் பிடிவாதமாக 'கூடாது' என்று சொன்னதன் பயனை எண்ணிப் பாருங்கள்.

கடல் கடந்து பார்த்தால் அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர் (1808–1883) நிற்கிறார். பிரெஞ்சுப் படையைப் பதினைந்து ஆண்டுகள் எதிர்த்து, 1847இல் சரணடைந்து, வாக்குறுதி மீறப்பட்டுப் பிரான்சிலே 1852 வரை சிறையிருந்தவர். 1860இல் திமிஷ்கில் கிறித்தவர்கள் மீது வெறிக்கும்பல் பாய்ந்தபோது, தம் ஆட்களுடன் தெருவில் இறங்கி ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அவர்கள் எந்தச் சமயத்தினரின் படையோடு தாம் அத்தனை ஆண்டு போரிட்டாரோ அந்தச் சமயத்தினரே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1846இல் அவர் பெயரால் ஒரு சிற்றூரே அமைந்தது. அது இன்றும் 'எல்கேடர்' என்று வழங்குகிறது.

இலங்கையில் 1905இல் வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உச்ச நீதிமன்றத்தில் வாதாட எழுந்தபோது தலைமை நீதிபதி தடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று கொழும்பு மருதானையில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடிக் குரலெழுப்பினர். பின்னர் தடை நீங்கியது.

நம் சென்னைக்கும் ஓர் அப்துல் காதர் கணக்கு உண்டு. அதைச் சென்னை ஏறத்தாழ மறந்துவிட்டது. திருவிதாங்கூரில் வக்கம் என்னும் கடலோர ஊரில் 1917இல் பிறந்த இளைஞர் அவர். பிழைப்புத் தேடி மலாயா சென்றார். அங்கே இந்திய சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார். 1942இல் சப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் அவரையும் தோழர்களையும் மலபார்க் கரையில் தானூர் அருகே இறக்கிவிட்டுச் சென்றது. கரையேறியதும் பிடிபட்டனர். சென்னைச் சிறையில் விசாரணை நடந்தது. 1943 செப்டம்பர் 10ஆம் நாள் காலை, அவரும் தோழர்களும் சென்னையிலேயே தூக்கிலிடப்பட்டனர். அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகியோர் உடன் தொங்கியவர். பெயர்களைப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டா. முந்திய இரவு தம் தந்தையாருக்கு அவர் கடிதம் எழுதினார். வயது 26. சென்னையில் எத்தனையோ சாலைகளின் வழியே நாம் நடக்கிறோம்; அவர் கடைசியாக நடந்த சில அடிகளைப் பற்றி எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இத்தனைக்கும் பிறகு இளைஞர்கள் 'கிரிக்கெட் காதிரை விட்டுவிட்டீர்களே' என்பார்கள். விடவில்லை. 1955இல் லாகூரிற் பிறந்து 2019இல் மறைந்த அப்துல் காதிர் 67 டெஸ்டுகளில் 236 விக்கெட்டுகள் எடுத்தார். 1987இல் லாகூரில் இங்கிலாந்தின் ஒன்பது பேரை 56 ஓட்டங்களுக்கு வெளியேற்றினார். வேகப்பந்து கோலோச்சிய காலத்தில் மணிக்கட்டுச் சுழலை உயிரோடு வைத்திருந்தவர்.

இனி நடைமுறைத் தொல்லை ஒன்று. இப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவோர் இலங்கையில் 'சி'யிலும் வடநாட்டில் 'க்யூ'விலும் தமிழகத்தில் 'கே'யிலும் தொடங்குகின்றனர். நடுவே 'எச்' வருவதும் வராததும் எழுதும் குமாஸ்தாவின் மனநிலையைப் பொறுத்தது. நம் உறவினர் ஒருவருக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம். மூவரும் தாமே என்று மெய்ப்பிக்க அவர் ஓர் அலுவலகத்துக்கு மூன்று மாதம் நடந்தார். அண்மையில் அவர் மகனுக்குப் பிள்ளை பிறந்தபோது, 'இந்தத் தொல்லை குழந்தைக்கு வேண்டாம், புதிதாக ஏதேனும் வையுங்கள்' என்று அவரே கூறிவிட்டார். மகன் கேட்கவில்லை. பெயரன் என்ற சொல்தானே பேரன் ஆயிற்று என்று சொல்லி, 'அப்துல்காதர்' என ஒரே சொல்லாகப் பதிவு செய்துவிட்டான்.

அதில் அவ்வீட்டு வாப்பும்மாவுக்குத்தான் சங்கடம். அவர் பழைய காலத்தவர். கணவர் பெயரை வாயால் உச்சரியார். ஆகவே பேரனை 'வாப்பா' என்றே அழைக்கிறார். நான்கு வயதான பேரன் ஒரு நாள், "உங்களுக்கு என் பேர் தெரியாதா?" என்று கேட்டானாம்.

"தெரியாமலா வாப்பா! நாற்பது வருஷமாத் தெரியும்" என்றாராம் அவர்.