கல்முனைச் சோற்றுப் பொதியும் பள்ளக்காட்டு யானையும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனையை அடையலாம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்குவதைப் பெயர்ப்பலகை கொண்டே அறிதல் வேண்டும். கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் முஸ்லிம்களும் தமிழர்களும் வேலிக்கு வேலி நெருங்கி வாழ்கின்றனர். வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டிக் குப்பையைப் புதைப்பதற்குக்கூட இடமில்லாத நெருக்கம் அது.

இங்கே ஹோட்டல் என்பது யாது என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். பிற நாட்டார் ஒருவர் இரவு தங்குவதற்கு இடந்தேடிக் கல்முனைச் சந்தியில் நின்று “ஹோட்டல் எங்கே?” என்று வினவுவாரானால், கொத்து றொட்டி அடிக்கும் ஓசை எங்கிருந்து வருகின்றதோ அங்கேதான் அவரை அழைத்துச் செல்வார்கள். நம் நாட்டு வழக்கில் ஹோட்டல் என்பது சோற்றுக் கடை, உறங்குமிடமன்று. சுற்றாடலைக் கெடுக்காது ஹோட்டல் நடத்துவது எங்ஙனம் என்று இக்காலத்தில் உலகெங்கும் பேசுகின்றனர். படுக்கை விரிப்பை நாள்தோறும் துவைக்க வேண்டுமா, குளியலறைத் துவாயை மறுநாளும் பயன்படுத்தலாகாதா என்பனவே அப்பேச்சிற் பெரும்பகுதி. கல்முனைக்கு அவை அதிகம் பொருந்தா. இவ்வூரில் வினா சோற்றுப் பொதியைப் பற்றியதே.

சென்ற விடுமுறையில் சாய்ந்தமருதிலுள்ள நண்பர் ஒருவர் இல்லத்திலே சில நாள் தங்கியிருந்தோம். ஒருநாள் நண்பகலில் அவரோடு கல்முனை நகரில் ஒரு ஹோட்டலுக்குச் சென்றோம். நாம் மரக்கறி உண்பவர் என்பதை நண்பர் முன்னரே சொல்லி வைத்தமையால், பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் பொன்னாங்காணிச் சுண்டலும் தனியாக வந்தன. சுவையிற் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எமது கண் கறியிற் செல்லவில்லை, தட்டிற் சென்றது. நல்ல பீங்கான் தட்டு, அதன்மேல் ஒரு பொலித்தீன் தாள், தாளின்மேற் சோறு. உண்டு முடிந்ததும் பையன் வந்து தாளை நான்கு மூலையும் பிடித்துச் சுருட்டி எடுத்துச் சென்றான். தட்டு நனையவேயில்லை. அடுத்தவர் அமர்ந்தார், அடுத்த தாள் விரிந்தது.

முன்பக்கத்தில் பொதி கட்டும் மேசை. அங்கே கைகள் ஓயவில்லை. ஆசிரியர்கள், வங்கி ஊழியர், பஸ் சாரதி, வயலில் வேலை செய்வோருக்கென ஒரே முறையில் இருபது பொதி கேட்டு வந்தவர் என்று வரிசை நீண்டிருந்தது. ஒரு பொதியை ஊன்றிக் கவனித்தோம். லஞ்ச் சீற்றிலே சோறு. குழம்பு ஒரு சிறு பையில். சொதி இன்னொரு பையில். மேலே பழைய பத்திரிகைத் தாள். அத்தனையையும் சுமக்க ஒரு சொப்பிங் பை. ஒருவர் கால்மணி நேரத்தில் உண்டு முடிக்கும் உணவுக்கு நான்கு பொலித்தீன்! நாளொன்றுக்கு எத்தனை பொதி போகும் என்று முதலாளியிடம் வினவினோம். இருநூறுக்குக் குறையாது என்றார். ஆண்டில் முந்நூறு நாள் கடை திறந்திருப்பதாகக் கொண்டாலும் 60,000 பொதி, 2,40,000 பொலித்தீன். இஃது ஒரு கடையின் கணக்கு.

இவையெல்லாம் எங்கே செல்கின்றன? கரையோர ஊர்களின் மேற்கே, வயல்களுக்கும் அப்பால், காடு தொடங்கும் ஓரத்திலே பள்ளக்காடு என்றோர் இடமுண்டு. 2008 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அங்கே ஒரு கழிவு முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. கல்முனை, சம்மாந்துறை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு முதலான ஒன்பது பகுதிகளின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. சுற்றி மின்வேலி இருந்தது. 2014 இல் அதனை மின்னல் தாக்கிற்று, வேலி திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வரத் தொடங்கின.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்சன் ஒலுவிற் பக்கத்திலே எடுத்த படங்கள் 2020 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றோயல் உயிரியற் சங்கத்தின் பரிசைப் பெற்றன. காட்டில் மரக்கிளை ஒடித்து உண்ண வேண்டிய யானைக் கூட்டம் வண்ண வண்ணப் பைகளின் நடுவே நின்று துதிக்கையால் துழாவும் காட்சியை அப்படங்களிற் காணலாம். 2022 ஜனவரியில் மேலும் இரு யானைகள் அங்கே இறந்து கிடந்தன. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருபது யானைகள் பள்ளக்காட்டுக் குப்பையை உண்டு இறந்தன என்று அப்பொழுது அறிவிக்கப்பட்டது. வயிற்றை அறுத்துப் பார்த்த வைத்தியர்கள் உணவு சுற்றும் தாளையும் பிளாஸ்டிக்கையும் பிற செரியாப் பொருள்களையும் கண்டனர். யானை வழக்கமாக உண்டு செரிக்கும் உணவு ஒன்றும் காணப்படவில்லை. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கைக் காட்டு யானைகள் 5,879. இருபது என்பது அத்தொகையிற் சிறிது என்று கூறுவாருமுளர். விநாயகரை வணங்கிப் பாடம் தொடங்கும் எமக்கு அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். யானை பொலித்தீனை விரும்பி உண்பதில்லை. அது உண்ண விரும்புவது உப்பையும் சோற்றையும் பழத்தோலையுந்தான். சோறு ஒட்டிய தாளிலிருந்து சோற்றை மாத்திரம் பிரித்தெடுக்க அதற்கு இயலாது, தாளோடு விழுங்குகின்றது. வெறும் பொலித்தீன் மலைபோற் குவிந்து கிடந்தாலும் யானை அதனை நாடி வாராது. மிச்சச் சோறும் தாளும் ஒன்றாய்ச் சுருட்டப்படுகின்றனவே, அந்தக் கணத்திலேதான் அது யானைக்கு நஞ்சாகின்றது. அக்கணம் நிகழ்வது பள்ளக்காட்டிலன்று, ஹோட்டல் மேசையிலே. வேலியைத் திருத்துவது வேண்டியதே; அகழி வெட்டுவதும் வேண்டியதே. ஆனால் மேசையடியில் செய்யக்கூடியதை வேலியடியிற் செய்ய முயல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை.

மேற்குத் திசை இக்கரையோர ஊர்களுக்கு என்ன தருகின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தோம். முன்னோர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து, 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இவ்வயல்களுக்கு நீர் பாய்ச்சுகின்றது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கிவந்து கரையோரக் கிணறுகளை உவராக்கியதை எவரும் மறக்கவில்லை. இன்று குழாயில் வரும் குடிநீர், அம்பாறைக்கு அண்மையிலுள்ள கொண்டவட்டவான் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்பப்படுவது. சோற்றுக்கு நெல்லும், சமைக்க நீரும் மேற்கிலிருந்து கிழக்கே வருகின்றன. பதிலுக்கு நாம் மேற்கே அனுப்புவது லஞ்ச் சீற்.

இவற்றையெல்லாம் ஹோட்டல் முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னோம். அறுபது வயதைத் தாண்டியவர். நண்பர் அவரைக் காக்கா என்றே அழைப்பார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சேர், நானும் வாழையில வாங்கிப் பாத்த ஆள்தான். மார்கழி தையில வாடக் காத்துக்கு இலயெல்லாம் கிழிஞ்சு போகும். இலயில கட்டிக் குடுத்தா, சொதி வடிஞ்சு சேட்டெல்லாம் பழுதாப் போச்செண்டு ஆக்கள் ஏசுறாங்க. தட்டுக் கழுவ ஒரு ஆள் வேணும், தண்ணி வேணும். சீற்றெண்டா சுருட்டி எறிஞ்சாச் சரி.”

“எங்கே எறிவது, காக்கா?” என்றார் நண்பர்.

“லொறி வரும்தானே தம்பி” என்றார் அவர்.

அவர் சொன்னவற்றில் ஒன்றும் பொய்யில்லை என்பதே இதிலுள்ள சங்கடம். தட்டைக் கழுவினால் நீர் செலவாகும். கழுவாவிட்டால் தாள் செலவாகும். இரண்டையும் ஒருங்கே மிச்சம் பிடிக்க வழியில்லை. எனினும் எமது கருத்தில் நீரின் பக்கமே நிற்றல் நன்று. தட்டுக் கழுவிய நீர் இரண்டு தென்னைக்காவது பாயும். தாள் எதற்கும் பாயாது. அன்றியும், தாள் விரித்த தட்டே சுத்தமானது என்றோர் எண்ணம் மக்களிடையே வேரூன்றிவிட்டது. கொதிக்கும் குழம்பை மெல்லிய பொலித்தீனில் ஊற்றி உண்பதில் என்ன சுத்தம் இருக்கின்றதோ, நாம் அறியோம்!

சட்டம் இல்லாமலில்லை. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து 32 உயிர்களைக் கொண்டு சென்ற பின்னர், அவ்வாண்டு செப்டம்பர் முதலாந் தேதி தொடக்கம் மெல்லிய பொலித்தீனும் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் உணவுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2023 அக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் தடைப் பட்டியலிற் சேர்ந்தது. பிரம்பிலே பின்னிய இடியப்பத் தட்டு எம் வீட்டில் அம்மா காலத்திலிருந்து இன்றும் இருக்கின்றது. அரசாங்கம் சட்டம் போட்டுத்தான் அதனைத் திரும்பக் கொணர வேண்டியதாயிற்று! ஆனால் சட்டத்துக்கும் சோற்று மேசைக்கும் இடையே தூரம் அதிகம் என்பதை நாம் நேரிலே கண்டோம்.

இப்பகுதிக்கு இது புதிதாகப் படிக்க வேண்டிய பாடமுமன்று. எருமைத் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். அது மட்சட்டியில் உறைந்து, தாளால் வாய் மூடிக் கட்டப்பட்டு விற்கப்படுவது. சட்டியின் நுண்துளைகள் வழியே நீர் கசிவதனால் தயிர் இறுகிக் கட்டியாகின்றது. பிளாஸ்டிக் கிண்ணத் தயிருக்கு அந்தக் கட்டி வாராது. சட்டி உடைந்தால் மண்ணோடு மண்.

முஸ்லிம் திருமண வீடுகளிற் சகன் வைக்கும் வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பன்பாய் விரித்து, நடுவிலே பெருந்தட்டு வைத்து, அதனைச் சுற்றி அறுவர் அமர்ந்து ஒன்றாய் உண்பர். அறுவருக்கு ஒரு தட்டு, கழுவுவதும் ஒன்றே. உண்பவர் தம் பக்கத்துச் சோற்றை மிச்சம் வைப்பதற்கு நாணுவர். வீண்விரயம் கூடாது என்பது அவர்தம் மார்க்கக் கட்டளையுமாம். நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலைக் காட்டி, அங்கே கந்தூரிச் சோறு வாங்குவதற்கு மக்கள் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வந்த காலத்தைப் பற்றி நண்பர் பேசினார். இப்போது சகன் தட்டின்மேலும் பொலித்தீன் விரிக்கும் வீடுகள் உண்டென்று சொல்லி வருந்தினார்.

தம்புள்ளைக்கு அண்மையில் 1994 இல் திறக்கப்பட்ட கண்டலம ஹோட்டலைப் பற்றி வாசகர் கேள்விப்பட்டிருப்பர். மலையைக் குடையாமல், தூண்களின்மேற் கட்டடத்தை நிறுத்தி, மழைநீர் அடியாலே ஓட வழிவிட்டார் ஜெஃப்ரி பாவா. பெருஞ் சாதனைதான், ஆயினும் நாற்பது பேர் அமரும் சோற்றுக் கடைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள அதிகமில்லை. இதே மாவட்டத்தில் தெற்கே அறுகம் குடா இன்னும் அருகிலுள்ள பள்ளி. அங்கே வெற்று அரிசிப் பைகளைத் தோளிற் போடும் பைகளாகத் தைத்து விற்கின்றனர்.

எரிபொருள் விஷயத்தில் இவ்வூரார் ஒருமுறை தாமாகவே வழி கண்டனர். 2022 இல் சமையல் எரிவாயு கிட்டாமற் போனபோது விறகடுப்பும் உமியடுப்பும் மீண்டும் கொல்லைக்கு வந்தன. நெல் ஆலைகள் நிறைந்த சம்மாந்துறை பக்கத்தில் இருக்க உமிக்கு என்ன குறை? எரிவாயு திரும்பியதும் பலர் உமியைக் கைவிட்டனர். புகையை நினைத்தால் அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள் நண்பர் எம்மை மருதமுனைப் பக்கத்தில் ஒரு சிறு ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றார். நடத்துபவர் முப்பது வயது இளைஞர். கொல்லைப்புறத்தில் இரண்டு பீப்பாய்கள். ஒன்றிற் கழுநீரும் மிச்சச் சோறும் மரக்கறித் தோலும். மாலையில் மாடு வளர்ப்பவர் ஒருவர் வந்து சைக்கிளில் ஏற்றிச் செல்கின்றார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றேயாம்: ஒரு துண்டு பொலித்தீன் கிடந்தாலும் அடுத்த நாள் வரமாட்டார். முன்பு பொலித்தீன் விழுங்கிய பசு ஒன்றை அவர் இழந்திருக்கின்றார். ஆகவே பையன்கள் ஒவ்வொரு தட்டையும் பார்த்து வழிக்கின்றனர். மற்றைப் பீப்பாயில் இருந்தவை உலர்ந்த தாளும் போத்தலுமே. சோற்று மணம் சிறிதுமில்லை. உள்ளே தட்டுகளில் தாள் விரிப்பதில்லை. வாழையிலை கிடைக்கும் மாதங்களில் அனலில் வாட்டிய இலை. வாட்டிய இலை மடித்தாலும் கிழிவதில்லை என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தியே.

வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டு வருவோருக்கு அவர் ஒரு கறி அதிகமாகக் கொடுக்கின்றார். நட்டமாகாதா என்று கேட்டோம். “சீற்றுக்கும் பைக்கும் குடுக்கிற காசுதானே சேர், அது கறியாப் போகுது” என்றார். வாசலோரத்தில் அமர்ந்து அன்று பகல் தூக்குச்சட்டியோடு வந்தவர்களை எண்ணினோம், பதினொருவர். பொதிக்காக நின்றவர்களின் வரிசை வீதிவரை நீண்டிருந்தது.