பட்டிக்கு அடியில் ஒரு மாருதி

கதவு, கண்ணாடி, சீட்டு, எஞ்சின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டால் மாருதி 800-இல் மிஞ்சுவது நாலு பேர் தூக்கி நகர்த்திவிடக்கூடிய வெறும் கூடு. கோவையில் கணபதிக்கு அப்பால் இருக்கும் ஒரு டிங்கரிங் பட்டறையில், பழைய டயர்களை முட்டுக்கொடுத்து, அப்படியொரு கூட்டை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். 1985-ஆம் ஆண்டு வண்டி. பழைய கார் பிரியர்கள் ‘எஸ்.எஸ். 80’ என்று சொல்கிற முதல் மாடல். மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்க்கும் என் நண்பர், பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்ததைப் பேசி வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. காரைப் பற்றி எழுதச் சொல்லித்தான் என்னைக் கூட்டிப் போனார். போன இடத்தில் என் கண் காரைவிட அதைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் மேல்தான் நின்றது.

இந்தச் சின்ன வண்டிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்பவர்கள் உண்டு. 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி, டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங்கிடம் முதல் மாருதியின் சாவியைக் கொடுத்தார். அம்பாசிடரும் பத்மினியும் ஆண்டுகொண்டிருந்த சாலைகளில் 650 கிலோவுக்குள் அடங்கும் எடை, 796 சி.சி., மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம் என்று வந்து இறங்கிய வண்டி அது. விலை 50,000 ரூபாயை ஒட்டி. ஆரம்ப வண்டிகளின் பாகங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது 25 லட்சத்துக்கும் மேல் விற்றிருந்தது. ஹர்பால் சிங் 2010-இல் இறந்தபின் அந்த முதல் வண்டியே வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடந்தது. பிறகுதான் கம்பெனி அதைச் சீர்செய்து தன் தலைமை அலுவலகத்தில் வைத்தது. முதல் வண்டிக்கே அந்தக் கதி என்றால் மற்றவை பழைய இரும்புக் கடைக்குப் போனதில் ஆச்சரியம் இல்லை.

எஞ்சின் விஷயம் சுலபம். இதே எஃப்8பி எஞ்சினைத்தான் ஆம்னி வேனும் 2019-இல் நிற்கும்வரை சுமந்தது. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், டைமிங் பெல்ட் எதற்கும் அலைய வேண்டியதில்லை. போர் போட கோவையில் லேத்துக்கா பஞ்சம்? கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி ஜெட்டை ஊதி மாட்டினார்கள், முடிந்தது. அழுகிப்போன தகரத்துக்குத்தான் கடையில் மாற்று கிடையாது. அதைக் கையால்தான் செய்தாக வேண்டும்.

டிங்கர் அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வண்டி வந்ததும் அவர் முதலில் எடுத்தது சுத்தியலை அல்ல. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பிரித்த ஒரு காந்தத்தை. பெயிண்டில் கீறல் விழாமலிருக்கத் துணியில் சுற்றி, கதவின் கீழ்விளிம்பிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு போன காந்தம், பின்சக்கர வளைவுக்கு வந்ததும் பொத்தென்று கையோடு விலகியது. மறுபடி வைத்தார், மறுபடி விலகியது.

“இங்க வண்டி இல்லீங்க தம்பி, வெறும் பட்டிதான் இருக்குது” என்றார் நண்பரைப் பார்த்து.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஓங்கி ஒரு தட்டு. விரல் தடிமனுக்குப் பட்டி பாளமாக விழுந்தது. அதற்குள் ஃபைபர் துணி, அதற்கும் பின்னால் கசக்கித் திணித்த செய்தித்தாள். எப்போதோ ஏதோ ஒரு பட்டறையில், துருவை வெட்டி எடுக்காமல் மேலே பூசி மூடி, பெயிண்ட் அடித்து, பளபளவென்று விற்றிருக்கிறார்கள். வாங்கியவருக்குத் தெரிந்திருக்காது. பெயிண்டுக்கு மயங்கி வாங்குகிறவர்கள் இருக்கும்வரை இந்த வித்தை நடக்கும்.

துரு எங்கிருந்து வருகிறது என்பதை அவர் சொன்ன வரிசையே பாடம். முன்கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங் வருஷக்கணக்கான வெயிலில் இறுகி வெடிக்கிறது. மழைத்தண்ணீர் அந்த வழியாக இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் தேங்குகிறது. மேலே விரிப்பு காய்ந்துவிடும், அடியில் காயாது. பேட்டரி ஆசிட் சிந்தி, அது உட்காரும் தட்டும் அதற்குக் கீழே இருக்கும் தகரமும் அரித்துப்போகும். ஜீப்பில், லாரியில் இருப்பதுபோல் இதில் தனிச் சேசிஸ் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும், தூண்களும் சேர்ந்துதான் வண்டியின் எலும்பு. அதனால் ரன்னிங் போர்டில் ஓட்டை விழுந்தால் அதை அழகுக் குறை என்று விட்டுவிட முடியாது. நண்பரின் வண்டியில் அதன் உள்பக்கம் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தியதும், நமுத்த பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.

மாற்றுத் தகரம் செய்யும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அழுகிய பகுதியை நல்ல தகரம் தட்டுப்படும்வரை வெட்டி எடுத்தார். அங்கே கை தாராளம். பிறகு காலண்டர் அட்டை ஒன்றை வெட்டி, மடக்கி, ஓட்டையில் பொருத்தி, திருத்தி, திரும்பவும் பொருத்தினார். அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே 20 கேஜ் ஷீட்டில் கோடு கிழித்தார். வளைவு எடுக்க வைஸில் ஒரு பைப்பைக் கட்டி அதன்மேல் தட்டல். சேரும் விளிம்பை மட்டும் ஒரு படி இறக்கிக்கொண்டார். அப்போதுதான் புதுத் தகரம் பழைய தகரத்தோடு ஒரே மட்டத்தில் நிற்கும், மேலே பட்டி அதிகம் கேட்காது.

வெல்டிங் தொடங்கியதும் எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, எதிர் ஓரத்தில் ஒன்று. ஆறவிட்டு மறுபடி நடுவில். ஒரே இழுப்பில் ஓட்டினால் மெல்லிய தகரம் சூட்டில் நெளிந்துவிடும். முன்பெல்லாம் கேஸ் வெல்டிங்தான் வைப்பார்களாம், சி.ஓ.2 மெஷின் வந்த பிறகு சூடு பரவுவது குறைந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திவைத்தது பானெட்டில் அவர் செய்த வேலை. யாரோ ஏறி உட்கார்ந்ததில் தகரம் நீண்டுபோய், அழுத்தினால் ‘டொப்’ என்று உள்ளே போய், விட்டால் ‘டொப்’ என்று வெளியே வந்தது. அடித்துச் சரிசெய்யப் பார்த்தால் இன்னும்தான் நீளும். அவர் கேஸ் டார்ச்சின் முனையால் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளியைச் சிவக்கக் காட்டினார். இடக்கையில் டாலி என்னும் இரும்புக் கட்டியை அடியில் கொடுத்து, மேலே சுத்தியலால் மெல்ல நாலு தட்டு. உடனே ஈரத் துணியை வைத்து ஒற்றினார். சுருங்கும்போது தகரம் சுற்றியிருப்பதையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. பல புள்ளிகள் வைத்த பிறகு ‘டொப்’ சத்தம் நின்றது. கடைசியாகத் தண்ணீரைத் தெளித்து, குனிந்து, ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு நேராக ஓடுகிறதா என்று பார்த்தார். எனக்கு நேராகத்தான் தெரிந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் சுத்தியலை எடுத்தார்.

இந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள இப்போது பையன்கள் வருவதில்லை. ஷோரூம் பட்டறைகளில் நசுங்கிய பாகத்தைக் கழற்றிப் புதிது மாட்டுகிறார்கள். இன்சூரன்ஸும் அதற்குப் பணம் தருகிறது. புதுக் கார்களில் பல இடங்களில் வரும் உறுதியான எஃகு, சுத்தியலுக்குப் பணிவதும் இல்லை. ஆக, டிங்கருக்கு வேலை தருவதில் முக்கியமானவர்கள் இப்போது என் நண்பரைப் போன்ற பழைய கார்ப் பித்தர்கள்தான். ஆனால் இவர்கள் பேரம் பேசுவதும் இதே ஆளிடம்தான். அலாய் வீலுக்கும் ஸ்டீரியோவுக்கும் கேட்ட விலையைக் கொடுப்பவர், கண்ணுக்குத் தெரியாமல் தரைக்கடியில் மறையப்போகும் வேலைக்கு “ஏண்ணா இவ்வளவு ஆகுது?” என்கிறார். மொத்தமாக ஒரு தொகை பேசி, திறந்து பார்த்தபின் கூடுதல் துரு தென்பட்டால் நஷ்டம் டிங்கர் தலையில். இது நியாயமில்லை. நண்பரிடமே சொன்னேன். கூடுதல் வேலைக்குத் தனிக் கணக்கு என்று பிறகு ஒத்துக்கொண்டார்.

சிவப்பு மெட்டாலிக் அடிக்கலாமா என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பது ஒருபக்கம். டேஷ்போர்டுக்குப் பின்னால் யாரும் தொடாத இடத்தில் அசல் வெள்ளை அப்படியே இருந்ததைக் கண்ட பிறகு, வேறு நிறம் அடிப்பது தப்பு என்பது என் கட்சி. வெள்ளையே முடிவானது. அரசுக்கு இந்த வண்டிமேல் எந்தப் பாசமும் கிடையாது. 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வருடம் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். ‘விண்டேஜ்’ என்ற மரியாதைக்கோ 50 வருடம் ஆக வேண்டும். அப்படிப் பார்த்தால் நாட்டின் முதல் மாருதியே 2033 வரை காத்திருக்க வேண்டும்.

பெயிண்டர் சின்ன வயதுக்காரர். சர்ஃபேசர்மேல் கறுப்பை லேசாகத் தூவி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, கறுப்பு தங்கும் இடமெல்லாம் பள்ளம் என்று கண்டுபிடிக்கிற கெட்டிக்காரர். ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தபோது அவர் மூக்கில் கட்டியது ஒரு கைக்குட்டை. 2கே பெயிண்டோடு கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். துணி அதைத் தடுக்காது. காற்றுக்குழாய் இணைத்த முகமூடிதான் சரியான காவல், அது இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜ் வைத்ததாவது வேண்டும். “பழகிடுச்சுங்ணா” என்றார். நுரையீரலுக்குப் பழக்கம் கிடையாது.

பழைய 800 ஒன்றை எடுத்துச் செய்யலாம் என்று நினைப்பவர்கள் ஒரு காந்தத்தோடு போங்கள். பெயிண்டைப் பார்க்காதீர்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பட்ஜெட் போடும்போது டிங்கர் கூலியை முதல் வரியில் எழுதுங்கள், ஸ்டீரியோவைக் கடைசியில். பெயிண்ட் டின் வாங்கும் அன்றே அந்தப் பையனுக்கு ஒரு நல்ல முகமூடியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.