பத்து இலக்கங்கள்

தொல்லை மிகுந்தால் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிடலாம் என்பது எளிதில் தோன்றும் எண்ணமே. எனினும், இலக்கம் ஒன்று அதனை வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. அதனை அறிந்து வைத்திருப்போருக்கும் அதில் உரித்துண்டு. கிளிநொச்சியில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நிலை இதனை உணர்த்தும்.

சில மாதங்களாக அவரது கைத்தொலைபேசி ஓயாது ஒலிக்கின்றது. பரிசு விழுந்திருப்பதாக ஒரு குரல். வங்கிக் கணக்கு முடங்கவிருப்பதாக இன்னொரு குரல். எடுத்ததும் பேச்சின்றித் துண்டிக்கப்படும் அழைப்புகள் வேறு. பேச்சற்ற அழைப்பு பலவேளைகளில் இயந்திரத்தின் சோதனையாகும். மறுமுனையில் ஆள் உண்டென அறிந்ததும் அவ்விலக்கம் மேலும் பல அழைப்புகளுக்கு இலக்காகின்றது. எனவே, அறியாத இலக்கங்களை எடுக்கவேண்டாம் என்பதே எவரும் கூறும் அறிவுரை. இதனைக் கூறுவோர் எவருடைய அழைப்புக்கும் காத்திராதவர் போலும்.

ஆசிரியை காத்திருப்பவர். 2009 மே மாதத்தில் காணாமற்போன மகனைப் பற்றி, 2013இல் நியமிக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனுவிலும், 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் தாபிக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கொடுத்த படிவத்திலும் அவர் எழுதியது இந்த இலக்கத்தையே. செய்தி ஒன்று வருமாயின் அது அறியாத இலக்கத்திலிருந்தே வரும்.

பேராதனையிற் பயிலும் பேர்த்தி, "அம்மம்மா, இலக்கத்தை மாத்துங்கோ, எல்லா இடத்துக்கும் புதுசை எழுதிக் குடுப்பம்" என்றாள். அலுவலகங்களுக்கு அறிவிக்கலாம்; மகனுக்கு எவ்வாறு அறிவிப்பது என்று அவர் கேட்டபோது பேர்த்தியிடம் விடையில்லை.

கைவிடப்பட்ட இலக்கம் அழிந்துபோவதுமில்லை. சிறிது காலத்தின் பின் வேறொருவருக்கு வழங்கப்படும். அமெரிக்காவில், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2021இல் அவ்வாறு மறுபடி வழங்கப்படவிருந்த 259 இலக்கங்களை ஆராய்ந்தபோது, 171 இலக்கங்கள் இணையக் கணக்குகளுடன் அப்போதும் பிணைந்திருந்தன. வங்கி அனுப்பும் இரகசிய எண் அந்நியர் கையிற் சேர்வது ஓர் இடர். ஆசிரியை அஞ்சியது அதற்கன்று. என்றோ ஒருநாள் வரும் அழைப்பை முன்பின் அறியாத ஒருவர் எடுத்து, "பிழையான இலக்கம்" என்று வைத்துவிடுவார் என்பதே அவர் அச்சம்.

புதிய இலக்கத்தாலும் அமைதி உறுதியில்லை. இயந்திரங்கள் பெயரறிந்து அழைப்பவையல்ல. இலக்கங்களை வரிசையாகவோ எழுந்தமானமாகவோ சுழற்றுபவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேண்டப்படாத செய்திகளைப் பற்றியும் பேசுகின்றது. ஆயின், முகவரியுள்ள நிறுவனத்தைச் சட்டம் கட்டுப்படுத்தலாம். தன் இலக்கத்தையே பொய்யாகக் காட்டுபவனைப் பிடிப்பது அரிது.

இறுதியிற் பேர்த்தி ஒரு வழி கண்டாள். வங்கிக்கும் மருந்தகத்துக்கும் புதிய இணைப்பொன்று பெறப்பட்டது. பழைய சிம் அட்டை, பொத்தான்கள் தேய்ந்த பழைய கைத்தொலைபேசியில் இடப்பட்டது. பணம் நிரப்பாது விட்டால் இணைப்பு காலாவதியாகிவிடும் என்பதால், ஓய்வூதியம் எடுக்கும் நாளில் அதற்கும் நூறு ரூபா நிரப்புகின்றார். எவர் இரகசிய எண் கேட்டாலும் அந்தத் தொலைபேசியிற் சொல்வதற்கு இப்போது எதுவுமில்லை. இரவில் அது அவரது தலைமாட்டில் இருக்கின்றது. சென்ற வாரம் 14 அழைப்புகள் வந்தன, அனைத்தையும் எடுத்தார்.